ஏவிய கை

ஒரு செயலைத் தானே செய்வதற்கும் பிறரைக் கொண்டு செய்விப்பதற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டென்று மனித மனம் நம்ப விரும்புகிறது. தன் கையால் ஓர் உயிரை மாய்க்கத் தயங்குபவனும், மாய்க்கவல்ல ஒன்றை ஏவிவிட்டு அருகில் நிற்பதற்குத் தயங்குவதில்லை. ஏவப்பட்டவன் மனிதனானால், பழியில் அவனுக்கும் பங்குண்டு என்று சொல்லிச் சற்றே ஆறுதல் அடையலாம். ஏவப்பட்டது வாயில்லா விலங்கானால்? அப்போது பழி எவ்வாறு பங்கிடப்படும்?

இந்தப் பழைய வினாவைத் தெளிவாக எடுத்துக்காட்டும் ஒரு வழக்கம் மேலைநாடுகளில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்து வருகிறது. ‘ஃபெரட்’ என்னும் சிறு விலங்கை வளர்த்துப் பழக்கி, அதைக் கொண்டு முயல் பிடிக்கும் வழக்கமே அது. இந்திய வாசகர்கள் பலருக்கும் இது புதிய செய்தியாக இருக்கலாம். ஆனால் அது எழுப்பும் கேள்வி எந்த ஒரு நாட்டுக்கும் உரியதன்று.

வளைக்குள் செல்லும் பணியாள்

ஃபெரட் பார்வைக்குக் கீரியை நினைவூட்டும். எனினும் அது கீரியினத்தைச் சேர்ந்ததன்று. நீர்நாய் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியக் காடுகளில் வாழும் ‘போல்கேட்’ என்னும் விலங்கிலிருந்து மனிதன் பழக்கி உருவாக்கிய வளர்ப்பினம் அது. குட்டையான கால்கள், நீண்டு ஒடுங்கிய உடல், ஏறத்தாழ ஒரு கிலோ எடை. முயல் வளையின் இருண்ட வழிகளில் நுழைந்து திரும்புவதற்கென்றே அமைந்தது போன்ற உருவம்.

கிரேக்க நிலவியல் அறிஞர் ஸ்ட்ராபோ, ஸ்பெயின் நாட்டு முயல்களைப் பற்றி எழுதுகையில், வாய்கட்டிய சிறு வேட்டை விலங்குகளை வளைக்குள் விட்டு அவற்றை வெளியேற்றும் முறையைக் குறிப்பிடுகிறார். முயல்களின் தொல்லை பொறுக்க முடியாமல் பலேரிக் தீவுகளின் மக்கள் பேரரசர் அகஸ்டஸிடம் படையுதவியே கேட்டார்கள் என்பது ரோமானிய அறிஞர் பிளினி தரும் செய்தி. இடைக்கால இங்கிலாந்தில் முயல் செல்வர்களின் உடைமையாக இருந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத சாமானியர் ஃபெரட்டும் வலையும் வைத்திருக்கலாகாது என்று 1390-இல் சட்டமே இயற்றப்பட்டது. பின்னாளில் முயல் பெருகி உழவர்களின் பகையாக மாறியது. வேண்டியவனுக்குச் செல்வமாகவும் வேண்டாதவனுக்குத் தொல்லையாகவும் தோன்றும் அந்த உயிர் மட்டும் மாறவே இல்லை.

வேட்டை நடப்பது பெரும்பாலும் குளிர்காலத்தில். அப்போது புதர்கள் உதிர்ந்து வளைகளின் வாய்கள் கண்ணுக்குத் தெரியும். வளைக்குள் குட்டிகள் இருக்கும் வாய்ப்பும் குறைவு. வேட்டைக்காரர் ஓசையின்றி நடந்து, ஒவ்வொரு வாயின்மீதும் சுருக்குப்பை போல் இழுபட்டு மூடிக்கொள்ளும் சிறு வலையை விரிக்கிறார். பின்னர் ஃபெரட்டை உள்ளே விடுகிறார். அதன் வாடை பட்டதும் முயல் அஞ்சி வெளியே பாய்கிறது, வலை சுருங்குகிறது. மனிதர் விரைந்து சென்று அதைப் பற்றி, ஒரே அசைவில் கழுத்தெலும்பை விலக்கி உயிரைப் போக்குகிறார்.

இந்த நிகழ்ச்சியில் மூன்று உயிர்கள் இருக்கின்றன. ஒன்று அச்சுறுத்தியது; ஒன்று அஞ்சி ஓடியது; ஒன்று கொன்றது. அச்சுறுத்திய உயிருக்குத் தான் எதற்காக அனுப்பப்பட்டோம் என்பது தெரியாது. அது தன் இயல்பின்படி வாடையைத் தொடர்ந்து சென்றது. அவ்வளவே.

மமதையும் கருணையும்

நல்ல வேட்டைக்காரர் தம் ஃபெரட்டைப் பேணும் முறை வியப்புக்குரியது. நாளில் பெரும்பகுதியை உறங்கிக் கழிக்கும் அதற்கு உலர்ந்த படுக்கையும் தூய கூண்டும் அமைக்கிறார். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய் அதையும் கொல்லுமாதலால் தடுப்பூசி போடுகிறார். பெண் ஃபெரட் பருவம் எய்தி இணை சேராவிட்டால், பருவநிலை நீடித்து, இரத்தச் சோகையால் இறந்துவிடக்கூடும். இதை அறிந்தவர்கள் மருத்துவரிடம் ஊசி போடுகிறார்கள். அல்லது குடும்பக்கட்டுப்பாடு செய்யப்பட்ட ஆண் ஃபெரட்டுடன் சேர்க்கிறார்கள். வளைக்குள் முயலைக் கொன்றுவிட்டு அங்கேயே தங்கிவிடும் ஃபெரட்டை விட்டுவிட்டு அவர்கள் வீடு திரும்புவதில்லை. அதன் கழுத்துப்பட்டையிலுள்ள சிறு கருவியின் ஒலியைப் பின்பற்றி, இடம் கண்டு, குளிரில் மண்ணைத் தோண்டி மீட்கிறார்கள்.

எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. முயலைக் கடித்துவிடக் கூடாதென்று ஃபெரட்டின் உதடுகளைத் தைத்தவர்களும் பற்களை உடைத்தவர்களும் முற்காலத்தில் இருந்தனர். ஊனுண்ணியாகிய அதற்கு ரொட்டியும் பாலும் மட்டுமே தந்து வளர்த்தவர்கள் ஏராளம். இந்த நிலை மாறியிருப்பது உண்மையான முன்னேற்றமே. அதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கூண்டிலிருக்கும் ஃபெரட்டுக்கு ஒரு முள் தைத்தாலும் பதறும் மனிதர், வலையில் துடிக்கும் முயலைக் கண்டு பதறுவதில்லை. விலங்குகளிடம் கொடுமை காட்டுபவனின் உள்ளம் மனிதரிடத்தும் இறுகிவிடும் என்பதால் அவற்றிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்றார் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட். ஆனால் விலங்கிடம் காட்டும் இரக்கம் இன்னொரு விலங்கை எட்டுவதற்கே இவ்வளவு தயங்குகிறது என்பதைத்தான் இங்கே காண்கிறோம். வலிக்கும் திறன் இரண்டுக்கும் ஒன்றுதான். வேறுபாடு ‘என்னுடையது’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. ‘என்னுடையது’ என்பதால் பிறக்கும் அன்பு மமதை; ‘இதுவும் ஓர் உயிர்’ என்பதால் பிறப்பது கருணை. மமதை தாழ்ந்தது என்று தள்ளிவிட வேண்டியதில்லை. கருணைக்குச் செல்லும் வழி பலருக்கும் அதிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் தொடங்கிய இடத்தையே சேருமிடம் என்று கருதிவிடக் கூடாது.

பங்கிட முடியாத பழி

முதல் வினாவுக்குத் திரும்புவோம். ஃபெரட்டுக்குப் பழியில் பங்குண்டா?

விலங்குப் பிறவியை ‘போக யோனி’ என்கிறது இந்தியச் சிந்தனை. முன்வினையின் பயனை அனுபவிக்கும் பிறவி அது. நன்மை தீமைகளை ஆராய்ந்து தேர்ந்தெடுத்துப் புதுவினை ஈட்டும் பிறவியன்று. அந்த ஆற்றலும் அதனால் வரும் பொறுப்பும் மனிதனுக்கே உரியவை. எனவே, முயலைத் துரத்தும் ஃபெரட் பாவம் செய்வதில்லை.

இதிலிருந்து பலரும் எதிர்பாராத ஒரு முடிவு கிடைக்கிறது. ஒருவன் மனிதனை ஏவினால், ஏவப்பட்டவனும் தானே தேர்ந்து செய்ததால் அவனும் பொறுப்பாளி ஆகிறான். விலங்கை ஏவினாலோ, பொறுப்பேற்கத்தக்க இன்னொருவர் அங்கே இல்லை. ஆகவே முழுப்பழியும் ஏவியவனிடமே நிற்கிறது. விலங்கை முன்னிறுத்துவதால் பழி குறைவதில்லை. இடையில் நின்று தாங்க ஒருவரும் இல்லாததால் நேராக வந்து சேர்கிறது.

நியூசிலாந்தின் வரலாறு இதற்குச் சான்று. அங்கு வெளியிலிருந்து கொண்டுசென்று விடப்பட்ட முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலங்களை அழித்தன. அவற்றை ஒழிக்க 1880-களில் ஃபெரட்டுகள் பெருமளவில் காடுகளில் விடப்பட்டன. பறவைகளுக்கு ஆபத்து என்று அறிஞர்கள் எச்சரித்தும் எவரும் செவிமடுக்கவில்லை. ஃபெரட்டுகள் முயலையும் தின்றன. பாலூட்டிப் பகையையே அறியாத, தரையில் கூடுகட்டும் அந்நாட்டுப் பறவைகளையும் தின்றன. 2002 முதல் அங்கு ஃபெரட்டை விற்பதும் இனப்பெருக்கம் செய்விப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. 2050-க்குள் ஒழிக்கப்பட வேண்டியவை என்று அறிவிக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. கடல் கடந்து பணியாளாக அழைத்துவரப்பட்டது குற்றவாளியாகத் தண்டிக்கப்படுகிறது. பறவைகளைக் காப்பதற்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். ஆனால் தண்டனை பெறுவது யார், தவறு செய்தது யார் என்பதை மறந்துவிடலாகாது.

மூன்று வாயில்கள்

பதஞ்சலி முனிவர் தமது யோகசூத்திரங்களில் இம்சையை மூன்றாகப் பகுக்கிறார்: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது. மூன்றும் ஒரே வீட்டின் மூன்று வாயில்கள் போன்றவை. எதன் வழியாக நுழைந்தாலும் நுழைவது அந்த வீட்டிற்குள்தான்.

இவை ஒவ்வொன்றும் பேராசை, கோபம், மயக்கம் ஆகியவற்றால் தூண்டப்படுகின்றன என்றும் அவர் கூறுகிறார். இதற்கு வியாசரின் பாஷ்யம் தரும் விளக்கம் முயல்வேட்டைக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கொல்வது பேராசை. ‘இது எனக்குத் தீங்கிழைத்தது’ என்று கொல்வது கோபம். ‘இதனால் எனக்குப் புண்ணியம் உண்டாகும்’ என்று கொல்வது மயக்கம். சந்தையில் முயலிறைச்சி விற்பவர், பயிரிழந்த உழவர், நற்காரியம் செய்வதாகவே எண்ணிக் கொல்பவர் ஆகிய மூவரும் அந்தச் சிறிய விளக்கத்தில் அடங்கிவிடுகிறார்கள்.

இம்மூவரில் உழவரின் நிலை சற்றுக் கடினமானது. பிரிட்டனில் 1954-இல் இயற்றப்பட்ட பூச்சி மற்றும் தொல்லை விலங்குகள் சட்டம், தம் நிலத்திலுள்ள முயல்களைக் கட்டுப்படுத்தும் கடமையை நில உரிமையாளர்மீதே சுமத்தியது. கொல்லாமல் இருந்தால் அண்டை வயல் அழியும். கொன்றால் உயிர் போகும். கடமையும் அகிம்சையும் மோதும் இந்த இடத்தில் எளிய விடைகள் பயன்படுவதில்லை.

எல்லை வகுத்த அகிம்சை

யோகசூத்திரம் இங்கே இன்னொரு நுட்பமான வேறுபாட்டையும் காட்டுகிறது. இனம், இடம், காலம், சூழ்நிலை என்ற நான்கு எல்லைகளுக்கும் உட்படாத அகிம்சையே ‘மகாவிரதம்’. எல்லைக்கு உட்பட்ட அகிம்சைக்கு எடுத்துக்காட்டாக வியாசர் ஒரு மீனவனைக் குறிப்பிடுகிறார். அவன் மீன்களைத் தவிர வேறெந்த உயிரையும் துன்புறுத்துவதில்லை. புண்ணியத் தலத்தில் கொல்வதில்லை என்பவன் இடத்தாலும், சதுர்த்தசியன்று கொல்வதில்லை என்பவன் காலத்தாலும் எல்லை வகுத்துக்கொள்கிறான்.

பண்புள்ள ஃபெரட் வேட்டைக்காரரும் அறியாமலேயே இந்த எல்லைகளில் நிற்பவர்தான். முயலைத் தவிர வேறு உயிரைத் தேடுவதில்லை. நில உரிமையாளரின் அனுமதியின்றி நுழைவதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் வேட்டையாடுவதில்லை. தேவைக்கு மேல் பிடிப்பதில்லை. வலையில் விழுந்ததை ஒரு கணமும் தவிக்க விடுவதில்லை. இது மகாவிரதம் அன்று. ஆனால் ஒன்றுமே இல்லாதது என்று இதை ஒதுக்கவும் முடியாது. சாஸ்திரம் அந்த மீனவனை ஏளனம் செய்யவில்லை. அவன் நிற்கும் படியை மட்டும் அடையாளம் காட்டுகிறது. வகுத்த எல்லையை ஒவ்வோர் அங்குலமாகப் பின்னோக்கி நகர்த்துவதே அந்தப் படியில் நிற்பவன் செய்ய வேண்டிய சாதனை.

சுவரைத் தாண்டிய நோய்

கையில் குருதி படாத வழி தூய்மையானது என்று எண்ணுபவர்கள் சிந்திக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. தென் அமெரிக்க முயலினம் ஒன்றில் லேசான நோயை மட்டுமே உண்டாக்கும் ஒரு வைரஸ், ஐரோப்பிய முயலுக்கு மிக்ஸோமடோசிஸ் என்னும் கொடிய நோயைத் தருகிறது. கண்கள் வீங்கிப் பார்வை இழந்து, பல நாள்கள் துன்புற்று அந்த முயல் இறக்கிறது. ஆஸ்திரேலியாவில் முயல்களை ஒழிப்பதற்காக 1950-இல் இந்த நோய் பரப்பப்பட்டது. பிரான்சில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர், சுவர் சூழ்ந்த தமது பண்ணையின் முயல்களை ஒழிக்க எண்ணி, 1952 ஜூனில் இரண்டே முயல்களுக்கு இந்த வைரஸைச் செலுத்தினார். நோய் சுவரைத் தாண்டியது. 1953-இல் பிரிட்டனை அடைந்து, இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டு முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவற்றை மாய்த்தது. நோயுற்ற முயல்களை வேண்டுமென்றே புதிய இடங்களுக்குக் கொண்டுசென்ற உழவர்களும் உண்டு. அதைக் குற்றமாக்கவும் அதே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. அந்த மருத்துவருக்கு முதலில் அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர், உழவுக்கு நன்மை செய்தவர் என்று தங்கப் பதக்கமும் வழங்கப்பட்டது.

இரண்டு மனிதர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஃபெரட் வேட்டைக்காரர் தாம் கொல்லும் ஒவ்வோர் உயிரையும் கையில் ஏந்துகிறார். அதன் வெப்பத்தை உணர்கிறார். எத்தனை உயிர்கள் என்று அவருக்குத் தெரியும். மாலையில் ஃபெரட் தன் பெட்டிக்குத் திரும்பிவிடும். வேட்டை அன்றோடு முடிந்துவிடும். மருத்துவர் தமது கையால் ஒரு முயலின் கழுத்தையும் முறிக்கவில்லை. அவர் ஏவியதோ இன்றுவரை திரும்பவில்லை. செயலுக்கும் கைக்கும் இடையே தூரம் கூடக்கூட, குற்றவுணர்வு குறைகிறது, அளவும் மறைந்துபோகிறது. இம்சை குறைவதில்லை.

அதே வலை, வேறு நோக்கம்

அந்த நோய் முயலின் தாயகமான ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் விட்டுவைக்கவில்லை. 1980-களின் இறுதியில் வந்த வேறொரு கொள்ளைநோயும் சேர்ந்துகொள்ள, முயலையே பெரிதும் நம்பி வாழும் ஐபீரிய லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை 2000-களின் தொடக்கத்தில் அழிவின் விளிம்புக்கே வந்தது. உலகின் பல பகுதிகளில் தொல்லை என்று வெறுக்கப்படும் முயல், தன் தாயகத்தில் அழியும் நிலையில் உள்ளதாக 2019-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் அறிவிக்கப்பட்டது.

இன்று ஸ்பெயினில், முயல் மிகுந்த வயல்களில் ஃபெரட்டை விட்டு முயல்களை உயிருடன் பிடித்து, அவை அருகிப்போன காடுகளில் கொண்டுவிடுகிறார்கள். அதே ஃபெரட், அதே வளை, அதே வலை. வலைக்கு அருகில் நிற்கும் மனிதனின் கருத்து மட்டுமே வேறு. அங்கு விடப்படும் முயலையும் ஒருநாள் லின்க்ஸ் தின்னக்கூடும். முற்றிலும் தூய செயல் என்று இதையும் சொல்ல இயலாது. ஆயினும் அறத்தின் இருப்பிடம் எது என்பது இங்கே தெளிவாகிறது. ஃபெரட்டின் பற்களில் அது இல்லை. ஏவும் கைக்குப் பின்னாலுள்ள உள்ளத்தில் இருக்கிறது.

தர்மவியாதரின் நேர்மை

மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் தர்மவியாதர் மிதிலையில் இறைச்சி விற்பவர். தாம் கொல்வதில்லை, பிறர் கொன்றதையே விற்பதாக அவர் கூறுகிறார். இறைச்சி உண்பதும் இல்லை. தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வாதம் வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் அந்த வாதத்திற்குள் ஒளிந்துகொள்வதில்லை. தமது தொழில் கொடியது என்பதை ஐயத்திற்கு இடமின்றி ஒப்புக்கொள்கிறார். அதன் பின்னரே, உழும் கலப்பையின்கீழ் மடியும் எண்ணற்ற உயிர்களை நினைவூட்டி, இம்சையே கலவாமல் வாழ்பவர் உலகில் யார் என்று கௌசிகரைச் சிந்திக்க வைக்கிறார். தம் குற்றத்தை மறைக்க அவர் இதைச் சொல்லவில்லை. கேட்பவரும் அதே சங்கிலியில் ஒரு கண்ணி என்பதை உணர்த்தவே சொல்கிறார்.

இந்தச் சங்கிலி நீளமானது. முயலிறைச்சியைக் கண்ணால் பாராதவரும் ரொட்டி உண்கிறார். அந்தக் கோதுமை வயலை யாரோ முயலிடமிருந்து காத்தார்கள். சைவ உணவு உண்பவரின் அரிசியும் எலிகளிடமிருந்து காக்கப்பட்டே கிடங்கிலிருந்து வருகிறது. ‘உடன்படுதல்’ என்னும் மூன்றாம் வாயில் மிக அகலமானது. அதன் வழியே ஏறத்தாழ எல்லோரும் உள்ளே நுழைந்திருக்கிறார்கள்.

இதை உணர்ந்தவனுக்கு இரண்டு தவறான வழிகள் எதிரே தோன்றும். ‘எல்லோரும் இம்சை செய்பவர்களே, ஆகவே கவலையில்லை’ என்பது ஒன்று. ‘நான் மட்டும் தூயவன், அந்த வேட்டைக்காரன் பாவி’ என்பது மற்றொன்று. சரியான வழி இவ்விரண்டுக்கும் இடையே, சற்றுக் கடினமான நிலத்தில் செல்கிறது. தன் பொருட்டு நடப்பதைத் தன் செயலாகவே ஏற்றுக்கொள்வது அதன் முதற்படி. இயன்ற இடத்திலெல்லாம் அதைக் குறைப்பது அடுத்த படி. அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்து மண்ணில் பதித்த கம்பிவலை வேலி, வயலுக்குள் முயல் நுழையாமல் பெரிதும் தடுக்கும். செலவு மிகுதிதான், ஆனால் கொல்லாமல் காக்கும் வழி ஒன்று இருக்கையில், அதன் விலையை எண்ணிப் பார்ப்பதும் அறத்தின் ஒரு பகுதியே. தவிர்க்கவே இயலாதபோது, வலியைக் கூட்டாமல், செருக்கு கொள்ளாமல், புண்ணியம் என்று பெயர் சூட்டாமல் செய்வது இன்னொரு படி.

வேட்டை முடிந்து திரும்பிய ஃபெரட் சிறிது இறைச்சி உண்டு வைக்கோலில் சுருண்டு உறங்கிவிடும். அதன் உறக்கத்தைக் கெடுக்க எந்த நினைவும் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. அதற்காகவும் சேர்த்து விழித்திருந்து சிந்திக்க வேண்டியவன் மனிதன். விவேகம் அவனுக்குத்தான் அளிக்கப்பட்டிருக்கிறது.